கல்நார் போர்த்திய பழைய பாய்லர்: கை வைக்கும் முன்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

காப்பிக்கு நிழல் எவ்வளவு வேண்டும், மிளகுக்கொடியை சில்வர் ஓக் மரத்தில் எப்படி ஏற்றுவது என்று பேசுகிற ஆள் இன்றைக்கு பாய்லரைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்து 200 வருஷம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்தது. அத்தனை காலத்துத் தோட்டங்களில் பழைய இரும்பும் கொஞ்சம் சேர்ந்துதானே போயிருக்கும்? எண்ணெய் வடிக்கிற கொட்டகையில் ஒரு பாய்லர், தங்கும் விடுதியின் பின்கட்டில் வெந்நீர் பாய்லர், கீழே சேலம் பக்கம் இறங்கினால் புழுங்கலரிசி ஆலையில் ஒன்று, சாயப்பட்டறையில் ஒன்று. புதிதாக வாங்கினவை போக, எங்கோ மூடின ஆலையில் ஏலத்துக்கு எடுத்து மலைக்கு ஏற்றினவையும் உண்டு.

அந்தப் பழைய பாய்லரின் மேலே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு கனமான பூச்சு இருக்கும். நீராவிக் குழாயிலும் அதே பூச்சு, மேலே சாக்குத்துணி சுற்றி வண்ணம் அடித்திருக்கும். சூடு வெளியே போகாமல் காக்கிற போர்வை அது. ஃபிட்டர்கள் 'லேகிங்' என்பார்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய லேகிங்கில் பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பாய்லரைப் பழுது பார்க்கும்போது அதை எப்படித் தொடுவது, எப்போது தொடாமலே விடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

போர்வை எதற்கு?

முதலில் ஒன்று. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "சனியனை உரித்துப் போட்டுவிட்டு வெறும் இரும்பாகவே ஓட்டலாம்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 4 கிலோ அழுத்தத்தில் ஓடுகிற பாய்லரின் நீராவி சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். நம் மலையில் காலைக் குளிர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர்வை இல்லாத இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் சூட்டை வீணாக வெளியே விடும். 8 மணி நேரம் ஓட்டினால், அந்த ஒரு சதுர மீட்டருக்கு மட்டும் நாலைந்து கிலோ காய்ந்த விறகு தண்டம். பாய்லரின் உடம்பு, குழாய் எல்லாம் சேர்த்து எத்தனை சதுர மீட்டர் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விறகு போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் நிற்கிற ஆளின் கை பட்டால் வெந்துவிடும். ஆகவே போர்வை வேண்டும். எந்தப் போர்வை என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பேர்போன போர்வை ஒன்று உண்டு. '85 சதவீத மக்னீசியா' என்று பெயர். 100 பங்கில் 85 பங்கு மக்னீசியம் கார்பனேட் என்ற வெள்ளைத் தூள். மீதி 15 பங்கு கல்நார். தூள் சூட்டைத் தடுக்கும். தூள் உதிராமல், சுவரில் வைக்கோல் கலந்த மண் நிற்பதுபோல, பிடித்து நிற்க வைப்பது கல்நார். சேலத்திலிருந்து ஏற்காடு வருகிறவர்கள் மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று வெட்டிய கரடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளக்கல்பட்டி, கருப்பூர் பக்கத்து மேக்னசைட் சுரங்கங்கள். அதுவும் மக்னீசியம் கார்பனேட்தான். அந்தக் கல்லைக் கண்டு யாரும் இதை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது கல்நார் அல்ல. இரண்டும் வெள்ளை என்பதால் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

மக்னீசியா மட்டுமல்ல. சூளைக் கதவைச் சுற்றி அடைக்கிற கயிறு, மேன்ஹோல் மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட், குழாய் இணைப்பில் வைக்கிற அட்டை, சிம்னி தொடங்கும் இடத்தில் பூசின பசை, இவை எல்லாவற்றிலும் கல்நார் இருந்திருக்கிறது. எரியாது, அழுகாது, அமிலம் அரிக்காது, நூலாகவும் நூற்கலாம், விலையும் குறைவு. இத்தனை குணம் ஒரே பொருளில் இருந்தால் யார்தான் விடுவார்கள்?

கெடுதல் எங்கே?

கல்நார் என்பது மண்ணிலிருந்து வெட்டுகிற கல். ஆனால் நார் நாராகப் பிரியும். பஞ்சைப் பிரித்தால் இழை வருகிறது, இழையைப் பிரித்தால் அதற்கும் மெல்லிய இழை வருகிறது. அதுபோல இதுவும் பிரிந்துகொண்டே போகும். கடைசியில் நம் தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லியதாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. மூக்கில் வாசனை வராது, இருமலும் வராது. காற்று அசையாத அறையில்கூடப் பல மணி நேரம் மிதந்துகொண்டே இருக்கும். காலையில் உரித்த இடத்தில் மாலையில் வந்து சாப்பிட உட்காருகிற ஆளும் அதைத்தான் சுவாசிக்கிறார்.

மண் தூசி உள்ளே போனால் மூக்கு முடியும் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடும். இந்த இழை அதற்கு அகப்படாமல் நுரையீரலின் அடிப்பை வரைக்கும் போய்விடுகிறது. அங்கே உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும். கல் அல்லவா, கரையாது. சுற்றிலும் தழும்பு விழும். தழும்பு பெருகப் பெருக நுரையீரல் காய்ந்த தோல்போல விறைத்து, மூச்சு வாங்க ஆரம்பிக்கும். இதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். இது தவிர நுரையீரல் புற்றுநோய். இதற்கும் மேலே, நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் வருகிற மீசோதீலியோமா என்ற புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெள்ளை, பழுப்பு, நீலம் என்று பார்க்காமல் எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கமும் கல்நார் தூசியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பன்மடங்காகிறது.

இதில் மிகவும் மோசமான சங்கதி, காலம். பூச்சிமருந்து விஷம் ஏறினால் அன்றைக்கே தெரியும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். இது அப்படி இல்லை. 20 வருஷம், 30 வருஷம், மீசோதீலியோமா என்றால் 40 வருஷம் கழித்துக்கூட வரும். 22 வயதில் பாய்லர் உரித்த பையனுக்குப் பேரன் பிறந்த பிறகு வரும். அப்போது பாய்லர் எது, மேஸ்திரி யார், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? அதனால்தான் "எங்க அப்பா இதே வேலைதான் பார்த்தார், ஒண்ணும் ஆகலையே" என்கிற பேச்சு எடுபட்டுப் போகிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கல்நார் நூற்பு ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-இல் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் குக் அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடன் சேர்ந்த மருத்துவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே அல்ல, அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் என்பது தெரிந்தது. 1964-இல் அமெரிக்காவில் டாக்டர் செலிகாஃப் நியூயார்க் வட்டாரத்து லேகிங் வேலையாட்களை, அதாவது நாம் இன்று பேசுகிற இதே வேலையைச் செய்தவர்களை, எடுத்து ஆராய்ந்து அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு எவ்வளவு கூடுதல் என்று காட்டினார். இங்கிலாந்து நீலத்தையும் பழுப்பையும் 1985-இலும் வெள்ளையை 1999-இலும் தடை செய்தது. நம் நாட்டில் வெளிநாட்டு வெள்ளைக் கல்நாரை இறக்கிக் கூரைத் தகடு செய்வது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2006-இல் பத்திரிகைகளில் அடிபட்ட பிரெஞ்சுப் போர்க்கப்பல் கிளமென்சோ நினைவிருக்கிறதா? உடைப்பதற்காகக் குஜராத்தில் அலாங் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தது. கப்பலுக்குள் டன் கணக்கில் கல்நார்ப் போர்வை. உச்சநீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. கடைசியில் அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரெஞ்சு ஜனாதிபதியே கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய கப்பலுக்கு அவ்வளவு சத்தம். நம் கொட்டகைப் பாய்லருக்குச் சத்தம் போட ஆள் இல்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

"பார்த்தே சொல்லிவிடுவேன்" என்று சொல்லும் ஃபிட்டரை நம்பாதீர்கள். எவ்வளவு அனுபவசாலியானாலும் கண்ணால் சொல்ல முடியாது. நெருப்புக் காட்டி, "எரியவில்லை, ஆகவே கல்நார்" என்பதும் சரியல்ல. கண்ணாடிப் பஞ்சும் எரியாது, பாறைப் பஞ்சும் எரியாது. விரலில் தேய்த்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் கெட்டது. பாய்லரின் பெயர்த்தகட்டில் செய்த வருஷம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பழைய பாய்லர், பழைய போர்வை, கணக்குப் புத்தகத்தில் மாற்றியதாக எழுத்து எதுவும் இல்லை என்றால், கல்நார் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். சந்தேகம் தீர வேண்டுமானால் பயிற்சி பெற்ற ஆள் வந்து, அந்த இடத்தை நனைத்து, சிறு துண்டு எடுத்து, உறையில் அடைத்து, ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்த இடத்தை உடனே பூசி மூட வேண்டும்.

போர்வை திடமாக, வெடிப்பில்லாமல், துணி கிழியாமல் இருக்கிறதா? அப்படியானால் அதைத் தொடவே வேண்டாம். இழை கட்டுண்டு இருக்கும்வரை காற்றில் வராது. மேலே கெட்டித் துணி ஒட்டி, சூடு தாங்கும் வண்ணம் இரண்டு பூச்சு அடித்து, 'கல்நார் உள்ளது, உடைக்காதே' என்று தமிழில் பெரிதாக எழுதிவையுங்கள். பாதி இடத்தில் காரியம் இத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் நம் மலையில் ஒரு தொல்லை. மழையும் பனியும் அதிகம். கொட்டகைக் கூரை ஒழுகி ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தால் போர்வை ஊறி, பிறகு காய்ந்து, மாவாக உதிர ஆரம்பிக்கும். ஈரம் உள்ளே தங்கினால் போர்வைக்கு அடியில் இரும்பும் துருவேறும், வெளியிலிருந்து தெரியாது. பாய்லர் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வரும்போது, இந்த இடத்தைத் திறந்து காட்டு என்று கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. கேட்பதும் நியாயமே, பாய்லர் வெடித்தால் கொட்டகையோடு போகும். 1923-ஆம் வருஷத்துப் பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. சோதனையும் சான்றிதழும் அதிலும் உண்டு. ஆக, உதிர்ந்த போர்வை, துரு, சோதனை என்ற இந்த மூன்றில் ஒன்று வரும்போதுதான் கை வைக்க வேண்டி வருகிறது.

கை வைத்தே ஆக வேண்டுமானால்

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அவசர அவசரமாக இரண்டு பையன்கள் சுத்தியும் உளியும் வைத்து லேகிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் துண்டு. கொட்டகைக்குள் சூரியக் கதிர் விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புகைபோலத் தூசி. ஒரு அம்மா தென்னந்துடைப்பத்தால் அதைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளினது எங்கே போகிறது என்று கேட்டேன். லைன் வீடுகளுக்குப் போகிற பாதையில் பள்ளம் இருக்குதுங்க, அதை மூடத்தான் என்றார்கள். செய்யக் கூடாததெல்லாம் அந்த ஒரே கொட்டகையில் இருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

பாய்லர் முழுவதையும் உரிப்பது தோட்டத்து ஆட்கள் செய்கிற வேலை அல்ல. அதை இங்கே முதலிலேயே திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கல்நார் நீக்குவதற்கென்று சாதனமும் பயிற்சியும் உள்ள ஒப்பந்தக்காரர்கள்தான் செய்ய வேண்டும். அவர்கள் அந்த இடத்தையே பாலிதீன் தாளால் அறைபோல மூடி, உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டி வழியாக இழுத்து வெளியே விட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். செலவு பிடிக்கும். நான் இப்போது சொல்லப்போவது, தவிர்க்க முடியாத சின்ன வேலைக்கு மட்டும்: கதவுக் கயிறு மாற்றுவது, ஒரு கேஸ்கெட் எடுப்பது, உதிர்ந்த ஒரு சாண் இடத்தை மூடுவது.

பாய்லர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் அடுத்து நாம் தண்ணீர் தெளிக்கப் போகிறோம். சூடான லேகிங்கில் தண்ணீர் பட்டால் ஆவி கிளம்பி முகத்தை வேக வைத்துவிடும். நெருப்பை அணைத்து, அழுத்தத்தை இறக்கி, ஒரு நாள் முழுக்க ஆற விடுங்கள். பம்பு, விசிறி, விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். வேலை செய்கிற இருவரைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். காற்று அடிக்கிற ஜன்னலைச் சாத்துங்கள். கீழே கெட்டிப் பாலிதீன் தாள் விரியுங்கள்.

வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் சில சொட்டு விடுங்கள். வெறும் தண்ணீர் கல்நாரின் மேலே வழுக்கி ஓடிவிடும். சோப்புக் கலந்தால்தான் உள்ளே ஊறும். இலைக்கு மருந்து அடிக்க ஒட்டுத்திரவம் கலக்கிறோமே, அதே தத்துவம்தான். கைத்தெளிப்பானால் மெதுவாகப் பனி விழுவதுபோலத் தெளியுங்கள். பீய்ச்சி அடித்தால் அதுவே தூசி கிளப்பும். பூச்சிமருந்துத் தெளிப்பானை இதற்கும் எடுத்து, பிறகு தோட்டத்துக்கும் கொண்டுபோகாதீர்கள், தனியாக ஒன்று வையுங்கள். தெளித்துவிட்டு உடனே பிடுங்காமல், ஊறுவதற்கு நேரம் கொடுத்து, மறுபடி ஒருமுறை தெளித்து, பிறகு கையால் அல்லது கொத்துக்கரண்டியால் பெரிய துண்டாகவே எடுங்கள். சுத்தி வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம், அரைக்கும் மெஷின் கூடவே கூடாது. கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப நனைத்துச் சுரண்டுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. இந்த வேலையில் அது ஆளைக் கொல்லும் பழக்கம்.

"ஏங்க, துண்டு கட்டினால் போதாதா?" போதாது. துண்டின் இழை இடைவெளி வழியாக இந்த இழை, கண்மாய் மதகு வழியாக மீன் போவதுபோலப் போய்விடும். கொரோனா காலத்தில் போட்ட துணி முகமூடி, ஆஸ்பத்திரி முகமூடி எதுவும் உதவாது. எஃப்.எஃப்.பி. 3 என்றோ பி-100 என்றோ குறித்த முகமூடி வேண்டும். முகத்தில் காற்றுப் புகாமல் ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. மழித்துக்கொண்டு வரட்டும், அல்லது வேறு ஆள் செய்யட்டும். தலையையும் மூடுகிற, ஒரு தடவை போட்டுவிட்டு எறிகிற முழு உடுப்பு, ரப்பர் கையுறை, கழுவக்கூடிய பூட்ஸ். நடுவில் டீ, வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது.

முடிந்ததும் விளக்குமாற்றைத் தொடாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், துடைத்த துணியை அலசாமல் கழிவோடு போடுங்கள். வீட்டில் இருக்கிற தூசி உறிஞ்சும் மெஷினும் ஆகாது, முன்னால் உறிஞ்சினதைப் பின்னால் அறை முழுக்க ஊதிவிடும். அறுபட்ட ஓரங்களில் பூச்சோ பசையோ தடவி இழை வெளியே தெரியாமல் அடையுங்கள். உடுப்பை நனைத்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரிச் சுருட்டிக் கழற்றுங்கள். முகமூடியைக் கடைசியில் கழற்ற வேண்டும். பலபேர் வேலை முடிந்த சந்தோஷத்தில் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள்! பிறகு தலையோடு குளித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

வேலை உடுப்பு எக்காரணம் கொண்டும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆலைக்குள் ஒருநாளும் கால் வைக்காத பெண்கள், புருஷனின் வேலைத்துணியை உதறித் துவைத்ததால் மட்டும் மீசோதீலியோமா வந்து இறந்ததைப் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற குழந்தைகளும் வீட்டில் இருக்கிறார்கள்.

கழிவும் மலைப்பாதையும்

எடுத்த கழிவை ஈரமாகவே கெட்டிப் பாலிதீன் பையில் முக்கால் அளவு போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றாமல் கட்டி, வெளிப்புறத்தைத் துடைத்து, இன்னொரு பையில் இட்டுக் கட்டி, கல்நார்க் கழிவு என்று எழுதுங்கள். பள்ளத்திலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. மழையில் அடித்துக்கொண்டு போய் எங்காவது கரையில் ஒதுங்கிக் காய்ந்தால், மறுபடி காற்றில்தான் ஏறும். எரிக்கவும் முடியாது, எரியாது என்பதற்காகத்தானே அதை வாங்கினார்கள்! இது சட்டப்படி அபாயகரமான கழிவு. 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி அதற்கென்றுள்ள நிலையத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்ட நிலையம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சேலம் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அதுவரை மூடியுள்ள இரும்பு டிரம்மில், பூட்டிய அறையில் இருக்கட்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. திறந்த லாரியில் பையை அடுக்கினால் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், பின்னால் வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தூசி. டிரம்மை அசையாமல் கட்டி, மூடின வண்டியில் அனுப்புங்கள்.

கூரைத் தகட்டைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் கல்நார் சிமெண்டுக்குள் இறுகி இருப்பதால் லேகிங் அளவுக்கு எளிதில் உதிராது. ஆனால் நம் பனிக்குத் தகட்டின் மேல் பாசி படரும். மழைக்கு முன்னால் ஆள் ஏற்றிக் கம்பி பிரஷால் சுரண்டுவார்கள். அதை விட்டுவிடுங்கள். பாசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். துளை போடுவதோ அறுப்பதோ உலர்ந்தபடி செய்ய வேண்டாம்.

மாற்றுப் போர்வை

புதிய போர்வைக்குப் பாறைப் பஞ்சு, கண்ணாடிப் பஞ்சு, கல்நார் கலவாத கால்சியம் சிலிகேட் கட்டி என்று பல இருக்கின்றன. கதவுக்குக் கண்ணாடி இழைக் கயிறு, செராமிக் கயிறு. மூடிக்கு கிராஃபைட் கேஸ்கெட். கடையில் "கயிறு கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் பழக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றையே எடுத்துக் கொடுத்துவிடலாம். கல்நார் இல்லாதது என்று வாய்விட்டுக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இவையும் முழுக்கச் சாதுவான சரக்கு அல்ல. கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும் தோலில் அரிப்பும் கண்ணில் உறுத்தலும் கொடுக்கும். புற்றுநோய் வகையில் அவற்றின் மேலிருந்த சந்தேகத்தைப் பின்னால் வந்த ஆய்வுகளைப் பார்த்து நிபுணர்கள் தளர்த்தியிருக்கிறார்கள். செராமிக் பஞ்சு விஷயத்தில் சந்தேகம் இன்னும் இருக்கிறது. அதுவும் பல காலம் கடும் சூட்டில் வெந்த பழைய செராமிக் பஞ்சில் ஒரு பகுதி சிலிக்காவாக மாறிவிடும். அதை எடுக்கும்போது கல்நாருக்குச் சொன்ன ஜாக்கிரதை எல்லாம் பொருந்தும். சாதாரணக் கொட்டகைப் பாய்லருக்குப் பாறைப் பஞ்சே தாராளம், செராமிக்குக்கு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகமூடியோடு கத்தியால் அறுத்துப் போர்த்தி, மேலே அலுமினியத் தகடு சுற்றுங்கள். முதல் தடவை நெருப்புப் போடும்போது பஞ்சிலுள்ள பசை கருகிக் கண் எரியப் புகை வரும். அன்று மட்டும் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, ஆட்கள் தள்ளி நிற்கட்டும்.

ஏற்கெனவே இந்த வேலை பார்த்தவர்கள்

நீங்களோ உங்கள் அப்பாவோ ஆலையில், ரயில்வே ஷெட்டில், கப்பலில், மின்நிலையத்தில் லேகிங் வேலை பார்த்திருந்தால், மூச்சு வாங்கலோ விடாத வறட்டு இருமலோ வரும்போது டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். நம் பக்கத்தில் நெடுநாள் இருமல் என்றால் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். சளிப் பரிசோதனை அவசியம்தான், செய்துகொள்ளுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போய், எந்த வருஷம், எங்கே, என்ன வேலை என்று எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளே போன இழையை வெளியே எடுக்க மருந்து கிடையாது. ஆனால் பீடியை இன்றைக்கே விட்டால் புற்றுநோய் வாய்ப்புக் குறையும். காலத்தில் கண்டால் சளிக்காய்ச்சல் சேர்ந்து கெடுக்காமல் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி தொழில் நோய். நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. 1995 ஜனவரி 27-இல் உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தொழிலாளியின் ஆரோக்கியம் அவருடைய உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று சொல்லிற்று. அவருடைய உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நோய் வருவதற்கு 40 வருஷம் ஆகிறது என்று முன்னே சொன்னேனல்லவா, அதற்காகத்தான் இந்த 40.

தோட்ட முதலாளிகளும் ரைட்டர்களும் இதிலிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பாய்லருக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் எந்த இடத்து லேகிங்கைத் தொட்டோம், யார் யார் வேலை பார்த்தார்கள், என்ன முகமூடி கொடுத்தோம், கழிவு எந்த வண்டியில் போயிற்று, புதிதாக என்ன பஞ்சு போட்டோம் என்று எழுதி, கழிவு நிலையத்து ரசீதையும் பஞ்சு வாங்கின பில்லையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த சோதனைக்கு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே அந்த நோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டால், கடைசி நாளில் உளியைத் தேட வேண்டியிருக்காது.